இருட்டில் பிடித்த கை

எங்கள் மலையூர் டெல்ஃபாவில் பழைய வெள்ளிச் சுரங்கத்துக்குள் ஆட்களைக் கூட்டிப்போய்க் காட்டுவது ஐலீன் பாஸ்கோவின் வேலை. வாசலில் டிக்கெட் கொடுப்பது என் வேலை. இருபத்தொரு வருடமாக இரண்டு பேரும் ஒரே தகரக் கொட்டகையில் உட்கார்ந்து மதியச் சாப்பாடு சாப்பிட்டவர்கள். அவளுக்கு நடந்ததை நான்தான் சொல்ல வேண்டும். அவளைச் சொல்லச் சொன்னால் பாதியை முழுங்கிவிடுவாள்.

அவளுக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. நெட்டையான, எலும்பும் தோலுமான உடம்பு. கல்யாணம் ஆகவில்லை. ஒரு காலத்தில் ஒருவன் மோதிரம் போட்டுவிட்டு அலாஸ்காவுக்கு மீன் பிடிக்கப் போனான், திரும்பி வரவில்லை. அதைப் பற்றிக் கேட்டால், "மீன் நல்லா கிடைக்குது போல" என்பாள். தனியாக இருக்கிறாளே என்று ஊரில் யாரும் அவளுக்காக இரக்கப்பட்டதில்லை. இரக்கப்படும்படியாக அவள் நடந்துகொண்டதும் இல்லை.

அது அக்டோபர் மாதத்தின் முதல் திங்கட்கிழமை. மலைச்சரிவு முழுக்க ஆஸ்பென் மரங்கள் மஞ்சளாகியிருந்தன. காற்று அடிக்கும்போதெல்லாம் ஊர்மேல் இலை உதிர்ந்து, கூரை, கார், தபால் பெட்டி எல்லாவற்றின்மேலும் மஞ்சள் ஒட்டிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு வாரத்தில் சுரங்கத்தை மூடிவிடுவோம். அதற்கப்புறம் மே மாதம் வரை பனிதான்.

பதினொரு மணிக்கு ஒரு பஸ் வந்தது. அதிலிருந்து ஒன்பது பேர் சுரங்கத்துக்கு டிக்கெட் வாங்கினார்கள். எல்லோருக்கும் மஞ்சள் மழைக்கோட்டும் தலைக்கவசமும் கொடுத்தேன். அதைப் போட்டுக்கொண்டால் ஆணும் பெண்ணும் கிழவரும் குமரியும் ஒரே அச்சாகத் தெரிவார்கள். ஐலீன் அவர்களைச் சின்ன ரயிலில் ஏற்றி உள்ளே ஓட்டிக்கொண்டு போனாள்.

மலைக்குள்ளே அரை மைல் தூரத்தில் ரயிலை நிறுத்தி, எல்லோரையும் சுவரோரமாக நிற்கவைத்து, விளக்கை அணைப்பாள். ஒரு நிமிடம். அந்தக் காலத்தில் மெழுகுவத்தி அணைந்துபோனால் தோண்டுகிறவனுக்கு எப்படி இருந்திருக்கும் என்று காட்டுவதற்காக.

"கையை முகத்துக்கு நேரா ஆட்டுங்க" என்பாள். "தெரியுற மாதிரி இருக்கும். நம்பாதீங்க. அது உங்க மூளை சொல்ற பொய்."

யாராவது சிரிப்பார்கள். அப்புறம் அந்தச் சிரிப்பும் நின்றுபோகும். பாறையிலிருந்து தண்ணீர் சொட்டுவது மட்டும் கேட்கும். அந்த இருட்டு கண்ணை மூடிக்கொண்டால் வருகிற இருட்டு இல்லை. நிற்கிற தரையே காலுக்குக் கீழே இல்லை போலத் தோன்றும்.

அன்றைக்கு அந்த ஒரு நிமிடத்தில் யாரோ ஐலீனின் இடது கையைப் பிடித்தார்கள்.

அவள் வெளியே வந்தபோது எனக்கு எதுவும் தெரியாது. கொட்டகைக்குள் வந்து உட்கார்ந்தாள். தலைக்கவசத்தைக் கழற்றவில்லை. பாஸ்டியை, அதாவது இறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்து மடித்துச் சுட்ட எங்கள் ஊர்ப் பலகாரத்தை, காகிதத்திலிருந்து பிரித்துவிட்டுக் கடிக்காமல் வைத்திருந்தாள்.

"என்னடி ஆச்சு?" என்றேன்.

"யாரோ என் கையைப் பிடிச்சாங்க, ஹெஸ்டர்."

"எங்க?"

"கையிலதான்."

"கையைக் கையிலதான் பிடிப்பாங்க. எந்த இடத்துலன்னு கேட்டேன்."

"விளக்கணைச்ச இடத்துல."

"கடிகாரம் இருக்கா பாரு."

"இருக்கு. திருட்டு இல்ல இது." கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பெரிய கை. உள்ளங்கை காய்ச்சுப்போயிருந்துச்சு. சுண்டுவிரல் வளைஞ்சிருந்துச்சு. இறுக்கல, தடவல. சும்மா வச்சிருந்துச்சு. விளக்கு போடுறதுக்கு முன்னாடி விட்டுடுச்சு."

"நீ என்ன பண்ணே?"

பாஸ்டியை மறுபடி காகிதத்தில் சுற்றினாள். "நானும் பிடிச்சுக்கிட்டேன்" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன். அந்த முகத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. வெயிலில் தூங்கி எழுந்தவள் மாதிரி இருந்தாள்.

"கடைசியா உன் கையை யாரு பிடிச்சது?" என்று கேட்டேன்.

"அதைத்தான் யோசிக்கிறேன். டாக்டர் நாடி பார்த்தாரு. அது கணக்குல வருமா?"

"வராது."

"அப்ப எனக்கு ஞாபகம் இல்ல."

அந்த ஒன்பது பேரில் சாம்பல் நிறத் தொப்பி போட்ட ஒரு மனிதர் இருந்தார். உயரம், நரைத்த மீசை, டிக்கெட்டை வாங்கும்போது என்னைப் பார்த்து லேசாகத் தலை குனிந்தவர். நான்தான் அவரை அவளுக்கு நினைவுபடுத்தினேன். அவள் ஏற்கெனவே அவரைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள் என்பது அவள் காது சிவந்ததிலிருந்து தெரிந்தது.

"பஸ் நாலு மணிக்குத்தான் கிளம்பும்" என்றேன். "ஊருக்குள்ளதான் சுத்திக்கிட்டிருப்பாங்க. போய்ப் பாரு."

"போய் என்னன்னு கேக்கறது? இருட்டுல என் கையைப் பிடிச்சது நீங்களான்னா?"

"கேக்க வேணாம். கை குலுக்கு. கை தெரிஞ்சிடும்."

ஒரு மணிச் சுற்றுக்கு யாரும் டிக்கெட் வாங்கவில்லை. ஐலீன் முகத்தைக் கழுவிக்கொண்டு, கண்ணாடி பார்த்து, பார்த்ததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டு, ஊருக்குள் இறங்கினாள். பாஸ்டியை நான் சாப்பிட்டேன்.

இரண்டு மணிக்குப் பெரிய தெருவில் வெளியூர்க்காரர்களுக்காகத் துப்பாக்கிச் சண்டை நடித்துக் காட்டுவார்கள். கோடையில் தொடங்கிச் சுரங்கம் மூடும்வரை தினமும் நடப்பதுதான். ஐலீனின் சித்தப்பா மகன் மார்வின்தான் அதில் சாகிறவன். குதிரைத் தொட்டியின்மேல் விழுந்து, அதிலிருந்து உருண்டு, கூட்டம் கைதட்டி முடிக்கும்வரை செத்தே கிடப்பான். அன்று அவன் செத்துக்கொண்டிருந்தபோது ஐலீன் சாம்பல் தொப்பிக்காரரின் பக்கத்தில் போய் நின்றாள்.

"சுரங்கம் பிடிச்சிருந்துச்சுங்களா?" என்று கையை நீட்டினாள்.

"ரொம்ப நல்லா சொன்னீங்க, மேடம்" என்று அவர் குலுக்கினார்.

பிசைந்த மாவு மாதிரி மெத்தென்று இருந்ததாம். தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கிறவராம். நீளமான, நேரான, வேலையே செய்யாத விரல்கள். கீழே கிடந்த மார்வின் ஒரு கண்ணைத் திறந்து, "என்னடி இங்க?" என்று கேட்டான். "பேசாம சாவு" என்று சொல்லிவிட்டு நகர்ந்தாள்.

பழைய ஜெயிலில் இரண்டு அண்ணன் தம்பிகள் கம்பிக்குப் பின்னால் நின்று ஒருவரையொருவர் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கம்பிக்கு நடுவே கையை விட்டு இரண்டு பேரோடும் குலுக்கினாள். ஒன்று ஈரச் சில்லிப்பு. இன்னொன்றில் கட்டைவிரலுக்குக் கட்டுப் போட்டிருந்தது. பொன் அரிக்கும் தொட்டியருகே ஒரு குடும்பம், அப்பா, அம்மா, வளர்ந்த இரண்டு பெண்கள். தட்டைப் பிடித்த கைகளைத் தண்ணீருக்கு மேலிருந்தே பார்த்துவிட்டாள். எதிலும் சுண்டுவிரல் வளையவில்லை. சோடாக் கடையில் ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்த எட்டாவது ஆள் ஒரு கல்லூரிப் பெண். அவள் கை குருவி மாதிரி இருந்தது.

மணி மூன்றேகால். இவ்வளவு நேரம் தெருத் தெருவாக மனிதர்களின் கையைப் பார்த்துக்கொண்டு நடந்தது அவளுக்கே கனவில் நடந்த மாதிரி இருந்ததாம். தினமும் நடக்கிற தெருதான். ஆனால் அன்றைக்கு ஜன்னல்களெல்லாம் கொஞ்சம் பெரிதாக, மலை கொஞ்சம் கிட்டத்தில் வந்து நின்ற மாதிரி. ஒன்பதாவது ஆள் யார் என்று எவ்வளவு யோசித்தும் முகம் வரவில்லை. ஒரு மஞ்சள் கோட்டுதான் நினைவுக்கு வந்தது.

கால் வலித்தது. வெந்நீர் ஊற்றுக் குளத்தில் கொஞ்ச நேரம் காலை நனைத்துவிட்டு வேலைக்குத் திரும்பலாம் என்று போனாள்.

ஊரின் மேற்கு ஓரத்தில், ஆற்றை ஒட்டி அந்தக் குளம் இருக்கிறது. பூமிக்குள்ளிருந்து சுடச்சுட வருகிற தண்ணீர். அக்டோபர் குளிரில் அதன்மேல் ஆவி ஓர் ஆள் உயரத்துக்கு எழும்பி நிற்கும். எதிர்க்கரை தெரியாது. மஞ்சள் இலைகள் எங்கிருந்தோ வந்து தண்ணீரில் விழும், எங்கேயோ மறையும். ஐலீன் காலுறையைக் கழற்றிவிட்டுப் படியில் உட்கார்ந்து காலை விட்டாள்.

ஆவிக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"சுரங்கத்துப் பொண்ணு தானே நீங்க?"

அறுபத்தைந்து வயது இருக்கும். கழுத்து வரை தண்ணீரில் இருந்த, வட்ட முகமுடைய ஒரு பெண். வாடகைக்கு எடுத்த ஊதா நீச்சலுடை. நனைந்த நரைமுடி நெற்றியில் ஒட்டியிருந்தது. கிட்டே வந்து படியைப் பிடித்துக்கொண்டாள். பெரிய கை. சுண்டுவிரல் வெளிப்பக்கமாக வளைந்திருந்தது.

ஐலீன் அந்த விரலையே பார்த்தாள். அந்தப் பெண்ணும் அதைக் கவனித்தாள். ஆனால் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"மாட்டுக்கொட்டில் கதவுல நசுங்கினது" என்றாள். "பதினேழு வயசுல. அது கிடக்கட்டும். நான்தான் பிடிச்சேன். மன்னிச்சுக்கங்க."

ஐலீனுக்கு முதலில் ஏமாற்றமாக இருந்தது என்று என்னிடம் ஒளிக்காமல் சொன்னாள். மத்தியானம் முழுக்க மனசுக்குள் ஒரு மீசையை வளர்த்து வைத்திருந்தாளே. அப்புறம் அவளுக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தப் பெண்ணும் காரணம் தெரியாமலே சேர்ந்து சிரித்தாள்.

"எதுக்குச் சிரிக்கிறீங்க?"

"ஊர்ல உள்ள ஆம்பளைங்க கையெல்லாம் குலுக்கிட்டு வர்றேன், உங்களைத் தேடி."

"ஐயையோ. அந்தத் தொப்பிக்காரரையுமா?"

"அவரைத்தான் முதல்ல."

"பஸ்ஸுல எனக்கு முன் சீட்டு அவரு. நெப்ராஸ்காவுலேருந்து இங்க வர்ற வரைக்கும் வாயாலேயே ஆர்கன் வாசிச்சாரு."

அவள் பெயர் ஓபல் ட்ரையர். நெப்ராஸ்காவில், மேடு பள்ளமே இல்லாத சமவெளியில், சோளக்காடு. புருஷன் மில்ட் ஏப்ரல் மாதம் இறந்துபோனார். பிள்ளைகள் இல்லை. அதையெல்லாம் வானிலை சொல்வதுபோலச் சொன்னாள். ஆவி அவள் முகத்தை மறைத்தும் காட்டியும் கொண்டிருந்தது.

"அடக்கத்தன்னிக்கு எல்லாரும் கை குலுக்கினாங்க" என்றாள். "சாப்பாடு கொண்டாந்து கொடுத்தாங்க. அப்புறம் பாத்திரத்தைத் திருப்பி வாங்க வந்தாங்க. அதுக்கப்புறம் ஒருத்தரும் என்னைத் தொடல. குறை சொல்லல. தொடுறதுக்கு என்ன காரணம் இருக்கு, சொல்லுங்க? இன்னைக்கு நீங்க விளக்கணைச்சதும் பக்கத்துல யாரோ மூச்சு விடுறது கேட்டுச்சு. கையை நீட்டினேன். அங்க ஒரு கை இருந்துச்சு. யார் கைன்னு தெரியாது, தெரியணும்னும் தோணல. தட்டி விட்டிருந்தா விட்டிருப்பேன். நீங்க தட்டிவிடல."

ஐலீன் எழுந்துபோய், வாசலில் இருந்த ஆளிடம் தனக்கும் ஒரு நீச்சலுடை வாங்கி, மாற்றிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினாள். அந்த ஊரிலேயே பிறந்தவள்தான், ஆனால் அந்தக் குளத்தில் முழுசாக இறங்கி முப்பது வருடம் ஆகியிருந்தது.

இருவரும் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு மிதந்தார்கள். நிறையப் பேசினார்கள் என்று நான் நினைத்தேன். இல்லையாம். மலையில் எங்கே பனி முதலில் விழும் என்று ஓபல் கேட்டாள், ஐலீன் காட்டினாள். ஆவியில் அது தெரியவில்லை. அப்படியே இருந்தார்கள்.

நாலு மணிக்குப் பஸ்காரர் ஹார்ன் அடித்தது ஊர் முழுக்கக் கேட்டது. எனக்கும் கேட்டது.

ஓபல் அசையவில்லை. "போகணும்" என்றாள், தண்ணீரைப் பார்த்து.

"அடுத்த பஸ் வியாழக்கிழமை" என்றாள் ஐலீன். "என் வீட்டுல ஒரு ரூம் சும்மாதான் கிடக்கு. தையல் மெஷினை நகர்த்தணும்."

"நான் யார் வீட்டுலயும் தங்கினதில்ல."

"என் வீட்டுலயும் யாரும் தங்கினதில்ல. ரெண்டு பேருக்கும் தெரியாது, சமாளிச்சுக்கலாம்."

இரண்டாவது ஹார்னுக்கு ஐலீன் ஈர உடையோடு தெருவுக்கு ஓடி, ஓபலின் பெட்டியை இறக்கிக்கொண்டாள். சாம்பல் தொப்பிக்காரர் ஜன்னல் வழியாகக் கை அசைத்தார். தன்னைப் பார்க்கத்தான் ஓடிவந்தாள் என்று நினைத்தாரோ என்னவோ.

மறுநாள் ஐலீன் லீவு போட்டாள். இருபத்தொரு வருடத்தில் முதல் லீவு. சுரங்கத்துக்குள் நான்தான் போக வேண்டியிருந்தது. விளக்கை அணைத்தபோது இரண்டு கையையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

அந்த மூன்று நாளில் அவர்கள் செய்ததெல்லாம் வெளியூர்க்காரர்கள் செய்வதுதான். ஐலீன் அதில் ஒன்றைக்கூட அதுவரை செய்ததில்லை. மலை ரயிலின் ஊதல் சத்தத்தில் ஐம்பத்திரண்டு வருடம் கண்விழித்தவள், அதில் ஒருநாளும் ஏறியதில்லை. செவ்வாய்க்கிழமை ஏறினாள். ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, கண்ணில் கரித்தூள் விழுந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டே மலையைப் பார்த்துவந்தாள். ரயில் வளைகிற இடத்தில் டெல்ஃபா முழுதும் கீழே தெரியும். ஓர் உள்ளங்கையில் அடங்குகிற ஊர்.

"அதோ அந்தப் பச்சைக் கூரைதான் என் வீடு" என்று காட்டினாள். "இவ்வளவு சின்னதா இருக்கு."

"பக்கத்துல போனா பெருசாயிடும்" என்றாள் ஓபல். "பயப்படாதே."

அதற்குள் 'நீ' வந்துவிட்டிருந்தது.

பழங்காலத்து உடையில் படம் எடுக்கும் கடைக்குப் போனார்கள். ஓபல் துப்பாக்கியோடு கொள்ளைக்காரியாக, ஐலீன் இறகு வைத்த தொப்பியோடு மதுக்கடை அழகியாக. அந்தப் படம் இன்னும் என் குளிர்ப்பெட்டியின்மேல் இருக்கிறது. ஐலீன் அதில் யாரோ செத்த செய்தி கேட்டவள் மாதிரி நிற்கிறாள். பொன் அரிக்கும் தொட்டியில் ஓபலுக்கு மூன்று துகள் கிடைத்தது. காலையில் கடைக்காரரே தூவிவிடுகிற துகள்தான் அது, ஊருக்கே தெரியும். ஐலீன் மெதுவாக அதைச் சொன்னபோது ஓபல் வருத்தப்படவில்லை.

"விதைச்சதை அறுக்கிறதுதானே. எனக்குப் பழக்கம்தான்."

புதன்கிழமை பிற்பகல் நாடகக் கொட்டகையில் இருந்தார்கள். இரும்புக்கடையின் மாடியில் இருக்கிறது அது. முந்நூறு நாற்காலி, பூட்டிய பியானோ, மேடையில் ஏரிக்கரை வரைந்த பெரிய திரை. பருவம் முடிகிற நேரம், வேறு யாரும் இல்லை. காவலாள் திரையை இறக்கிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். இரண்டு பேரும் மேல்தட்டில் முன்வரிசையில் உட்கார்ந்து அந்த ஏரியையே பார்த்தார்கள். மேற்கு ஜன்னலின் வெயில் மெல்ல நகர்ந்து வந்து தண்ணீரில் விழுந்தது. அப்போது அலை அசைந்த மாதிரி இருந்தது.

"அசையுது பாரு" என்றாள் ஓபல்.

"பின்னாடி ஜன்னல் உடைஞ்சிருக்கு. காத்து."

"சொல்லாம இருந்திருக்கலாம்."

"சரி. அசையுது."

ஓபல் நாற்காலியின் கைப்பிடிமேல் தன் கையை வைத்திருந்தாள். ஐலீன் அதன்மேல் தன் கையை வைத்தாள். நல்ல வெளிச்சத்தில், யார் கை என்று தெரிந்தே. வெயில் ஏரியைத் தாண்டி, வரைந்த மரங்களைத் தாண்டி, சுவருக்குப் போகும்வரை அப்படியே இருந்தார்கள். அந்த நேரத்தில்தான் ஓபல் மில்ட்டுக்காக அழுதாள். சத்தமில்லாமல், நிறைய நேரம். ஐலீன் அவளைப் பேசச் சொல்லவும் இல்லை, அழாதே என்று சொல்லவும் இல்லை.

வியாழக்கிழமை பஸ் வந்தது. நானும் வழியனுப்பப் போயிருந்தேன். ஓபல் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பாஸ்டியைத் தின்னது நீதானே" என்றாள். அதோடு எனக்கும் அவளைப் பிடித்துப்போயிற்று.

படியில் ஏறி நின்றபடி ஐலீனிடம் சொன்னாள்: "மார்ச்சுல வா. எங்க ஊர்ல பார்க்கறதுக்கு ஒண்ணுமே கிடையாது. பக்கத்து வீட்டுக்காரர் கார்ல கிளம்புறது என் வாசல்லேருந்தே தெரியும், வந்து சேர்றதுக்குள்ள ஒரு கேக்கைச் சுட்டு எடுத்துடலாம். ஆனா மார்ச்சுல கொக்கு வரும்."

"கொக்கு பார்க்கவா அவ்வளவு தூரம்?"

"வந்துட்டுச் சொல்லு."

பனி விழுந்தது. கணவாய் இரண்டு முறை அடைபட்டுத் திறந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் போனில் பேசுவார்கள். ஓபல் அந்தப் பக்கம் உருளைக்கிழங்கு உரிக்க, ஐலீன் இந்தப் பக்கம் துணி மடிக்க, பாதி நேரம் இரண்டு பேரும் பேசவே மாட்டார்கள். தையல் மெஷின் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை.

மார்ச் மாதம் ஐலீன் கிளம்பினாள். பல் டாக்டரைப் பார்க்கக் கணவாய்க்கு அந்தப் பக்கம் போனதைத் தவிர எங்கும் போகாதவள். இரண்டு பஸ் மாறி, ஒரு முழு நாள் பயணம். வழியில் மலை தீர்ந்துபோன இடத்திலிருந்து எனக்குப் போன் செய்தாள். "ஹெஸ்டர், சாய்ஞ்சுக்க ஒண்ணுமே இல்லடி" என்றாள். குரலில் பயம் இருந்தது. திரும்பி வந்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன்.

நான்கு நாள் கழித்து, விடிந்தும் விடியாத நேரத்தில் மறுபடி போன். நான் சமையலறையில் முட்டை பொரித்துக்கொண்டிருந்தேன்.

"எங்கடி இருக்கே?"

"ஆத்தங்கரையில. ஒரு பலகைக் குடிசைக்குள்ள. ஓபல் பக்கத்துல இருக்கா. மெதுவாப் பேசு."

"நீ போன் பண்ணிட்டு என்னை மெதுவாப் பேசச் சொல்றியா?"

"ஆறு தெரியலடி. முழுக்கக் கொக்கு. சாம்பல் கலர்ல, ஓர் ஆள் இடுப்பு உயரம். நின்னுக்கிட்டே தூங்குது. கரையா, தண்ணியா, கொக்கான்னு பிரிச்சுச் சொல்ல முடியல. சூரியன் வர்றப்ப எந்திரிக்கும்னு சொல்றா. இரு, இரு..."

போனை வெளியே நீட்டினாள் போலிருக்கிறது. முதலில் ஏதோ உருளுகிற சத்தம். பிறகு அது பெருகியது. ஆயிரம் மரக்கதவுகள் ஒரே நேரத்தில் திறந்த மாதிரி, தொண்டைக்குள்ளேயே கொப்பளிக்கிற மாதிரி ஒரு சத்தம். இறக்கைச் சத்தமும் சேர்ந்துகொண்டது. அது மேலே ஏறிக்கொண்டே போனது. அந்தச் சத்தத்துக்கு நடுவே யாரோ ஒருத்தி சிரித்தாள். அது ஐலீனா ஓபலா என்று என்னால் பிரிக்க முடியவில்லை.

என் புருஷன் உள்ளே வந்து, அடுப்பில் முட்டை கருகுவதைப் பார்த்துவிட்டு, "யாரு போன்ல?" என்று கேட்டார்.

நான் அவரைப் பேசாமல் இருக்கச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு, கேட்டுக்கொண்டே நின்றேன்.